கேபேஜ் என்றால் முட்டைகோஸ் அல்ல: மருத்துவப் பதிவுகளில் பேச்சுச் சொற்களை எழுதும் சிக்கல்

“ஸ்டேட்டஸ் போஸ்ட் கேபேஜ் டைம்ஸ் ஃபோர்” என்று அமெரிக்க இதயநோய் மருத்துவர் டிக்டேஷன் கொடுத்தால், அந்த நோயாளிக்கு ஏற்கெனவே நான்கு இடங்களில் பைபாஸ் ஒட்டு வைத்து அறுவை நடந்திருக்கிறது என்று பொருள். கரோனரி ஆர்ட்டரி பைபாஸ் கிராஃப்ட் என்பதன் முதலெழுத்துகள் சி, ஏ, பி, ஜி. நான்கையும் தனித்தனியாகச் சொல்ல யாருக்குப் பொறுமை? சேர்த்து உச்சரித்தார்கள், முட்டைகோஸ் ஆகிவிட்டது. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படிக்கப் போனவர்களுக்கெல்லாம் தெரிந்த நகைச்சுவை இது. காய்கறியைத் தட்டக் கூடாது, நான்கு பெரிய எழுத்துகளைத் தட்ட வேண்டும். இந்த ஒரு சொல்லுக்கு விடை சுலபம். ஆனால் மருத்துவர்கள் ஒரு நாளில் சொல்லித் தள்ளும் நூற்றுக்கணக்கான பேச்சுச் சொற்களுக்கு அப்படி ஒரே விடை கிடையாது. கேட்டபடி எழுதுவதா, அகராதியைப் பார்த்து எழுதுவதா, முழுச் சொல்லாக விரிப்பதா, புரியவில்லை என்று இடம் விட்டு அனுப்புவதா என்ற கேள்வி இந்தத் தொழில் தொடங்கிய நாள்முதல் இருக்கிறது. பயிற்சிப் புத்தகங்கள் இதை ஸ்பெல்லிங் பாடமாக நடத்துகின்றன. அதில் ஸ்பெல்லிங்கின் பங்கு சின்னது என்பதே என் கட்சி.

தொழிலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வரலாறு, பரிசோதனை, முடிவு எல்லாவற்றையும் பேசிப் பதிவு செய்வது பல பத்தாண்டுப் பழக்கம். அந்தக் குரலைக் கேட்டு அறிக்கையாகத் தட்டித் தருவதே டிரான்ஸ்கிரிப்ஷன். டேப்பில் இருந்த வரைக்கும் வேலை அந்த ஊரிலேயே நடந்தது. குரல் கணினிக் கோப்பாக மாறிய பிறகு, 1990களில் அது கடல் தாண்டியது. நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். அங்கே மருத்துவர் தூங்கி எழுவதற்குள் இங்கே அறிக்கை தயார். சென்னையிலும் கோவையிலும் விலங்கியலோ நுண்ணுயிரியலோ படித்துவிட்டு வேலை தேடிய ஏராளமான பிள்ளைகள் ஹெட்ஃபோனும் ஃபுட் பெடலுமாக உட்கார்ந்தார்கள். காலால் பெடலை மிதித்து ஓட்டுவது, விட்டால் நிற்கும், மறுபடி மிதித்தால் இரண்டு நொடி பின்னால் போய்த் தொடங்கும்.

அவர்களை நிறுத்திவைத்தவை பெரிய மருத்துவச் சொற்கள் அல்ல. எத்தனை நீளமான கிரேக்கச் சொல்லானாலும் 1900இல் முதல் பதிப்பு கண்ட டோர்லேண்ட் அகராதியிலோ 1911இல் வந்த ஸ்டெட்மேன் அகராதியிலோ அது கிடைத்துவிடும். வேர்ச்சொற்களைப் படித்திருந்தால் எழுத்துகளை ஊகிக்கவும் முடியும். ஃபைலை மணிக்கணக்கில் நிறுத்தியவை “லோகி”, “சார்லி ஹார்ஸ்”, “ஹீபி ஜீபீஸ்”, “வூஸி” போன்ற சின்னச் சொற்கள்தான். இவை மருத்துவ அகராதியில் பெரும்பாலும் இருக்காது. பொது அகராதியில் தேடலாம் என்றால் முதல் மூன்று எழுத்தாவது தெரிய வேண்டும். சொல்லைத் தெரிந்தவனுக்குத்தான் அகராதி உதவும் என்ற பழைய வேடிக்கை இங்கே தினப்படித் தொல்லை.

லோகி என்பது உடம்பு மந்தமாக, சோம்பலாக இருக்கிறது என்பதற்கான அமெரிக்கப் பேச்சு. எல்-ஓ-ஜி-ஒய் என்று எழுத வேண்டும். நடுவில் ஒற்றை ஜி, அதைக் ‘க’ ஓசையில் சொல்வார்கள். கார்டியாலஜி, நியூராலஜி என்று நாள் முழுக்கத் தட்டுகிறவர் இந்த நான்கு எழுத்தைத் திரையில் பார்த்தாலும், ஏதோ ஒரு துறையின் பெயர் தலை அறுந்து கிடக்கிறது என்றுதான் நினைப்பார். சார்லி ஹார்ஸ் என்பது தொடையிலோ கெண்டைக்காலிலோ பிடிக்கும் தசைப்பிடிப்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் பேச்சில் பிறந்தது. ஆளின் பெயர் போலத் தோன்றினாலும் சின்ன ‘சி’யில் தொடங்கி இ-ஒய் என்று முடிய வேண்டும். கணினியின் தானியங்கித் திருத்தம் அதைப் பிடித்து ஆள் பெயராக்கிப் பெரிய எழுத்தும் போட்டுவிடும். ஹீபி ஜீபீஸ் 1923இல் பில்லி டிபெக் என்ற கார்ட்டூன்காரர் தம் படக்கதையில் போட்ட சொல். குடியை நிறுத்திய நோயாளி தமக்கு வரும் நடுக்கத்தையும் பதற்றத்தையும் சொல்ல அதைப் பயன்படுத்தினால், மருத்துவர் அப்படியே டிக்டேஷனில் சொல்லிவிடுவார்.

இந்த வகைச் சொற்களுக்கு நிலையான எழுத்து உண்டு. தெரிந்தவர் வாயிலிருந்து ஒருமுறை கேட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதனால்தான் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு பழைய நோட்டு இருந்தது, பிறகு எக்செல் ஃபைல் ஆனது. ஒருவர் கண்டுபிடித்ததை அடுத்தவருக்கு விட்டுப்போனார். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் கைகொடுத்தது. 1961இல் அந்த நிறுவனத்தின் மூன்றாம் பெரும்பதிப்பு பேச்சுச் சொற்களைத் தாராளமாகச் சேர்த்ததற்கு அமெரிக்காவில் பெரிய ரகளை நடந்தது. மொழியைக் கெடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் திட்டின. அந்தத் தாராளத்தின் பலனை நாற்பது ஆண்டு கழித்துச் சென்னையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்கள் அனுபவித்தார்கள்.

இரண்டாம் வகை மருத்துவர்களின் சொந்தச் சுருக்கங்கள். எலக்ட்ரோலைட்ஸ் என்பதை லைட்ஸ் என்பார்கள். எழுதினால் எல்-ஒய்-டி-இ-எஸ். புதியவர் விளக்கைத் தட்டிவிட்டு, “நோயாளியின் விளக்குகள் இயல்பாக இருந்தன” என்று ஒரு வாக்கியம் போய்ச்சேரும். ஹீமடோக்ரிட் என்பது கிரிட். பிலிருபின் என்பது பிலி. ஆக்சிஜன் சாச்சுரேஷன் என்பது சாட்ஸ். எரித்ரோசைட் செடிமெண்டேஷன் ரேட் என்பது செட் ரேட், இதை ‘சொன்ன வேகம்’ என்று பொருள்படும்படி தட்டியவர்களும் உண்டு. டிஜாக்சின் என்ற இதய மருந்தை டிஜ் என்பார்கள். அதை ஒலிப்படி எழுத ஆங்கிலத்தில் வழியில்லை, டி-ஐ-ஜி என்று எழுதினால் மண்ணைத் தோண்டுவதாக ஆகிறது. ஆக, வாய்க்கு நன்றாக இருக்கும் சுருக்கம் காகிதத்துக்கு வந்ததும் வேறு சொல்லோடு மோதுகிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்களின் வினையாக்கும் ஆசை. எந்தப் பெயர்ச்சொல்லையும் விட்டுவைப்பதில்லை. டபிள்யூ. டி. போவி என்ற ஹார்வர்டு ஆய்வாளர் செய்த மின்கருவியை ஹார்வி குஷிங் 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் மூளை அறுவை ஒன்றில் பயன்படுத்தினார். ரத்தக்குழாயை மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் அந்தக் கருவிக்குப் போவியின் பெயரே நிலைத்தது. இன்று அறுவை மருத்துவர் “அந்த ரத்தக்குழாய்களை போவீட் செய்தோம்” என்பார். குவயாக் என்பது ஒரு கரீபிய மரத்தின் பிசின். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க உதவும் சோதனைக்கு அந்தப் பெயர். மருத்துவர் “ஸ்டூல் வாஸ் குவயாக்ட்” என்கிறார். ஜி-யு-ஏ-ஐ-ஏ-சி என்ற அடிச்சொல்லின் எழுத்தைக் கண்டுபிடிப்பதே பாடு, அதன் வாலில் இறந்தகாலத்தை எப்படி ஒட்டுவது? அப்போஸ்ட்ரஃபி போட்டு டி சேர்ப்பதா, இ-டி சேர்ப்பதா? அனுபவமுள்ள எடிட்டர் எதையும் ஒட்ட மாட்டார். “மலத்தைக் குவயாக் முறையில் சோதித்தோம்” என்ற பொருள் வரும்படி வாக்கியத்தைத் திருப்பிவிடுவார். இதற்கு விதி தேடிக்கொண்டிருப்பதைவிட அது நல்ல வழி என்பேன்.

சங்கங்களும் நூல்களும் என்ன சொல்கின்றன? டிரான்ஸ்கிரிப்ஷன் பணியாளர்களுக்கான அமெரிக்கச் சங்கம் 1978இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அது 1995இல் வெளியிட்ட நடைக் கையேடும் 2002, 2008 பதிப்புகளும் தொழிலின் சட்டப்புத்தகம் மாதிரி. 2007இல் சங்கம் பெயரை மாற்றிக்கொண்டு ‘டாக்குமென்டேஷன்’ என்ற சொல்லைச் சேர்த்தது தனிக்கதை. கையேட்டின் போக்கு இதுதான்: அகராதியில் ஏறி ஊரெல்லாம் அறிந்த குறுஞ்சொல்லானால், எக்ஸாம், ஃப்ளூ போல, சொன்னபடி எழுதலாம். வெறும் கொச்சையானால் தவிர்க்க வேண்டும், நோயாளியின் வாய்ச்சொல்லாக மேற்கோளில் வந்தால் தவிர. நோயின் பெயரும் அறுவையின் பெயரும் வரும் இடங்களில் சுருக்கமே கூடாது, விரிக்க வேண்டும்.

கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் மருத்துவமனைகள் தங்கள் விருப்பத்தை வேறு தனியாகச் சொல்லும். அக்கவுண்ட் ஸ்பெசிஃபிக்ஸ் என்று ஒரு பத்துப் பக்கம் வரும். ஒரு மருத்துவமனை, டாக்டர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் தட்டு என்கிறது, அதற்கு வெர்பேட்டிம் அக்கவுண்ட் என்று பெயர். இன்னொன்று, இலக்கணம் திருத்து, கொச்சையை விரி என்கிறது. ஒரே ஆள் இரவு பத்து மணிக்கு ஒரு அக்கவுண்டிலும் இரண்டு மணிக்கு அடுத்ததிலும் உட்கார்ந்தால், லைட்ஸ் என்பது முதலில் குற்றம், பிறகு கட்டளை. கூலியும் இதில் தலையிடும். வரிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு, ஒரு வரி என்பது இடைவெளிகளையும் சேர்த்து 65 எழுத்து. லைட்ஸ் என்றால் 5 எழுத்து, எலக்ட்ரோலைட்ஸ் என்று விரித்தால் 12. விரிப்பதில் தட்டுகிறவருக்கு லாபம், பணம் கொடுக்கிறவருக்கு நஷ்டம். நடை பற்றிய வாதங்கள் எல்லாம் மொழிப்பற்றால் வந்தவை என்று நம்பிவிட வேண்டாம்.

இதுவரை சொன்னதில் தவறினால் சிரிப்பு வரும், மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். மூன்றாம் வகைக்கு வருவோம். ஒரே சுருக்கத்துக்கு இரண்டு பொருள் உள்ள சொற்கள் இவை. இங்கே எழுத்துப் பிழையே இல்லாமல் நோயாளிக்குக் கேடு செய்ய முடியும்.

மெட்ஸ் என்ற ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் மருத்துவர் சொன்னால் மெட்டாஸ்டாசிஸ், அதாவது நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறது. டிரெட்மில் சோதனை செய்த இதய மருத்துவர் சொன்னால் மெட்டபாலிக் ஈக்விவலன்ட்ஸ், உடலுழைப்பை அளக்கும் அலகு. முதலாவதைச் சின்ன எழுத்துகளிலும் இரண்டாவதை மூன்று பெரிய எழுத்தும் கடைசியில் ஒரு சின்ன எஸ்ஸுமாகவும் எழுதுவது வழக்கம். “பத்து மெட்ஸ் எட்டினார்” என்பது நல்ல செய்தி. ஒரு பெரிய எழுத்து தவறினால் அது எப்படிப்பட்ட செய்தியாக மாறும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆப்பி என்பது சில வாயில் குடல்வால் அழற்சி, சில வாயில் குடல்வாலை வெட்டி எடுத்த அறுவை. நோயா, சிகிச்சையா என்பதே மாறுகிறது. எபி என்பது எபிநெஃப்ரின் மருந்தாக இருக்கலாம், சிறுநீர்ச் சோதனையில் வரும் எபிதீலியல் செல்களாகவும் இருக்கலாம். ஹெப் என்றால் ஹெபடைடிஸ் நோயா, ஹெப்பாரின் மருந்தா என்பதை அடுத்துவரும் சொல்தான் சொல்லும். டிஃப் என்பது வெள்ளையணுக்களின் பிரித்தெண்ணிக்கையா, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சி. டிஃப் கிருமியா? அந்தக் கிருமியின் முன்பெயரே 2016இல் கிளாஸ்ட்ரிடியத்திலிருந்து கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் என்று மாறிவிட்டதால், விரித்து எழுதப் போனவர்களுக்கு அதிலும் ஒரு சறுக்கல்.

மருந்துப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமெரிக்க நிறுவனம் பிழை விளைவித்த சுருக்கங்களின் பட்டியலைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. பேச்சுச் சொற்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்குப் பிடித்த வாசிப்பு அதுதான். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு தப்பு இருக்கிறது. ‘நைட்ரோ டிரிப்’ என்ற பேச்சு நைட்ரோகிளிசரினைக் குறிக்கச் சொன்னது, நைட்ரோபுருசைட் என்று புரிந்துகொள்ளப்பட்டது. இரண்டும் சிரையில் சொட்டுச்சொட்டாக ஏற்றுபவை, இரண்டும் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை, ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்க முடியாது. வான்கோமைசினின் செல்லப்பெயர் வான்க். அதற்கு முன்னால் ஐ.வி. சேர்த்து வேகமாகச் சொன்னால் இன்வான்ஸ் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்கின் பெயர் காதில் விழுகிறது. ‘நார்ஃப்ளாக்ஸ்’ என்ற சுருக்கம் நார்ஃப்ளெக்ஸ் ஆகியிருக்கிறது. முன்னது கிருமிக்கான மருந்து, பின்னது தசையைத் தளர்த்துவது.

அந்தப் பட்டியலில் என்னை அசத்தியது சப்-கியூ. சப்கியூட்டேனியஸ், அதாவது தோலுக்கடியில் போடும் ஊசி. அதைச் சுருக்கி சப் எழுதி ஒரு கியூ எழுதுவார்கள். ஆனால் மருந்துச் சீட்டு மொழியில் கியூ என்ற தனியெழுத்துக்கு ‘ஒவ்வொரு’ என்று பொருள், லத்தீனிலிருந்து வந்தது. ஹெப்பாரினை அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு தோலுக்கடியில் போடச் சொல்லி ஒரு மருத்துவர் இப்படி எழுதியிருக்கிறார். படித்தவர் அதை இரண்டு மணிக்கொருமுறை என்று எடுத்துக்கொண்டார். ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் மருந்து அது, அறுவைக்கு முந்தைய நேரம் வேறு. சரி, கியூ வேண்டாம், எஸ்.சி. என்று எழுதலாம் என்றால், அது எஸ்.எல். போலத் தெரிந்து நாக்குக்கடியில் வைப்பதாகப் படிக்கப்பட்டிருக்கிறது. எஸ்.கியூ. என்று எழுதினால் முதலெழுத்து எண் ஐந்தாகத் தெரிந்திருக்கிறது. ஒரு சொல்லை எத்தனை வழியில் குறுக்கினாலும் ஒவ்வொரு வழியிலும் ஒரு குழி. இந்தச் சொல்லுக்குச் சரியான சுருக்க ஸ்பெல்லிங் எது என்று கேட்பவருக்கு, விரித்து எழுதுங்கள் என்பதைத் தவிர வேறு பதிலே இல்லை.

டி.சி. என்பதும் அப்படியே. டிஸ்சார்ஜ், டிஸ்கன்டினியூ இரண்டுக்கும் ஒரே சுருக்கம். வீட்டுக்குப் போகும்போது சாப்பிட வேண்டிய மருந்துகளுக்கு டி.சி. என்று தலைப்பிட்டுப் பட்டியல் கொடுத்தால், நிறுத்த வேண்டிய மருந்துகள் என்று படிக்கலாம். படித்தும் இருக்கிறார்கள். மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் ‘பயன்படுத்தக் கூடாதவை’ என்று அதிகாரபூர்வமாக ஒரு சிறு பட்டியல் போட்டது. யூனிட் என்பதை யு என்று குறுக்குவது, தினமும் என்பதைக் கியூ.டி. என்பது போன்றவை அதில் உண்டு. கையெழுத்தில் யு என்பது பூஜ்யமாகத் தெரிந்தால் இன்சுலின் பத்து மடங்காகும். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நடைக் கையேடும் மருந்துப் பாதுகாப்பும் ஒரே பக்கம் சேர்ந்தன.

ஆக, விரித்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் கையேடுகள் சறுக்குகின்றன என்று நினைக்கிறேன். விரிப்பவர் யார்? நோயாளியைப் பார்த்தவர் அல்ல. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குரலை மட்டும் கேட்பவர். ஆப்பி என்பதை அப்பென்டெக்டமி என்று அவர் விரிக்கும்போது ஒரு மருத்துவ முடிவை எடுக்கிறார். சுருக்கத்தோடு விட்டிருந்தால் படிப்பவர் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கலாம், விரித்த சொல் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைப்பதில்லை. தப்பான ஊகம் அழகான ஸ்பெல்லிங்கில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சந்தர்ப்பம் தெளிவாக இருந்தால் விரிக்கலாம். அறிக்கையின் மேற்பகுதியில் வலது அடிவயிற்று வலி இரண்டு நாளாக என்று இருந்தால் அது நோய். பழைய அறுவைகளின் வரிசையில் வந்தால் அது அறுவை. இரண்டும் இல்லையென்றால் சொன்னதைச் சொன்னபடி போட்டு, மருத்துவர் பார்க்கும்படி குறி வைத்து ஃப்ளாக் செய்வது, காதில் விழவே இல்லையென்றால் ப்ளாங்க் விடுவது.

ப்ளாங்க் என்ற இந்த வெற்றிடம் தொழிலின் மிக நேர்மையான சொல். ஆனால் அதற்குத்தான் மதிப்புக் குறைவு. தரச்சோதனையில் 98 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். பல நிறுவனங்களில் ப்ளாங்க் அதிகமானாலும் அது ஆளின் குறையாகவே எண்ணப்படும். ஃபைல் குறித்த நேரத்துக்குள் போயாக வேண்டும், அவசர ஃபைல் என்றால் இன்னும் சீக்கிரம். இப்படி நெருக்கினால் ஆள் ஊகிக்கத்தான் செய்வார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2008இல் நடந்த ஒரு சம்பவம் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். டிக்டேஷனில் 8 யூனிட் இன்சுலின், தட்டி வந்த அறிக்கையில் 80 யூனிட். தட்டிய வேலை துணை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்திருந்தது. மருத்துவர் படித்துச் சரிபார்க்காத அந்த அறிக்கையை வைத்து அடுத்த இடத்தில் ஊசி போட்டார்கள், நோயாளி இறந்தார். 2012 டிசம்பரில் நடுவர்குழு 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அது எண்ணில் நடந்த பிழை, கொச்சைச் சொல்லில் அல்ல. ஆனால் நடந்த விதம் ஒன்றே: பக்கத்தில் இருந்தது தெளிவான எழுத்து, அதனால் யாரும் கேட்கவில்லை.

தமிழ்க் காதுக்கென்று சில தொல்லைகள் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி வேறுபாடு எல்லோருக்கும் பொது. நமக்குக் கூடுதலாக p-யும் b-யும், t-யும் d-யும் ஒரே எழுத்து. பெல்லி என்றாரா, பெல்வி என்று ஏதாவது பாதிச் சொல்லா என்று இரண்டு முறை பெடலை மிதிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். ஆகவே சில இரவுகளில் டெக்சாஸிலிருந்து வரும் குரல் மதுரைக்காரருடையதாகவே இருக்கும். அவர் டயரியா என்னாமல் லூஸ் மோஷன் என்பார், டிசினஸ் என்னாமல் கிடினஸ் என்பார். நம் ஊர்ப் பிள்ளைக்கு அது உடனே புரியும், அமெரிக்க எடிட்டருக்குப் புரியாது. மோஷன் என்பதை அவர் மூட்டு அசைவாக எடுத்துக்கொண்டு, தளர்ந்த மூட்டு என்று திருத்தக்கூடும். கொச்சை என்பது அமெரிக்கர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

கிடினஸ் என்ற சொல் இன்னொரு பெரிய விஷயத்துக்குக் கொண்டுபோகிறது. மருத்துவரின் கொச்சையும் நோயாளியின் கொச்சையும் ஒன்றல்ல. மருத்துவர் லைட்ஸ் என்றால் அவர் மனதில் இருப்பது எலக்ட்ரோலைட்ஸ்தான், விரித்தால் ஒன்றும் இழப்பதில்லை. தலை ஒரு மாதிரி இருக்கிறது என்பதற்கு நோயாளி வூஸி என்றால் அவர் மனதில் என்ன இருக்கிறது? 1972இல் டிராக்மன், ஹார்ட் என்ற இரு மருத்துவர்கள் தலைசுற்றல் என்று வருவோரின் புகார்களை நான்காகப் பிரித்தார்கள். உலகம் சுழல்வது ஒன்று, கண் இருட்டி விழப்போவது ஒன்று, கால் நிற்காமல் தள்ளாடுவது ஒன்று, இவை எதிலும் சேராத வெறும் லேசான தலை ஒன்று. காதா, இதயமா, நரம்பா என்ற துப்பு அந்த வேறுபாட்டில் இருக்கிறது. நம் பாட்டிகள் கிறுகிறுப்பு, தலைசுத்து, மயக்கமா வருது, ஆளைத் தள்ளுது என்று நான்கையும் தனித்தனியாகவே சொன்னார்கள். கிராமத்து நோயாளி சொன்னதையெல்லாம் கிடினஸ் என்று ஒரே சொல்லில் மூட்டை கட்டியவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர்கள்தான். அதனால் நோயாளியின் வாய்ச்சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே வை என்ற விதி மரியாதைக்காக அல்ல, தகவலுக்காக. “டம்மி” வலிக்கிறது என்று குழந்தை சொன்னதை அப்டமன் என்று திருத்தினால் போகட்டும். வூஸியை வெர்டிகோ என்று திருத்துவது நோயைத் திருத்துவது.

அவதூறுச் சொற்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சாமுவேல் ஷெம் 1978இல் எழுதிய ‘தி ஹவுஸ் ஆஃப் காட்’ நாவலால் பரவிய கோமர் என்ற வசை, அடிக்கடி வரும் நோயாளியை விமானப் பயணி என்று கிண்டல் செய்வது, இவற்றைத் தட்டாமல் மேலே தகவல் சொல்ல வேண்டும் என்பதே மரபு. ஆனால் படிப்பவர் யார் என்ற கேள்வி அண்மையில் மாறியிருக்கிறது. 2010இல் அமெரிக்காவில் மூன்று மருத்துவ அமைப்புகள், மருத்துவர் எழுதும் குறிப்பை நோயாளிக்குத் திறந்துகாட்டும் சோதனையைத் தொடங்கின. 2016இல் வந்த சட்டம் ஒன்றின் கீழான விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. மூச்சுத்திணறலுக்கு மருத்துவர்கள் போடும் எஸ்.ஓ.பி. என்ற சுருக்கம் பொதுப் பேச்சில் கெட்ட வசவு. தன் கைப்பேசியில் அறிக்கையைத் திறந்து, தான் ஒரு எஸ்.ஓ.பி. என்று எழுதியிருப்பதைப் படிக்கும் நோயாளிக்கு எந்தக் கையேட்டைக் காட்டுவது? மருத்துவர்களுக்குள் புழங்கும்வரை அந்தச் சுருக்கத்தில் குழப்பம் இல்லை. படிப்பவர் மாறியதும் அதற்கு இரண்டாவது பொருள் முளைத்துவிட்டது.

தட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். 2009இல் வந்த சட்டம் மருத்துவமனைகளை மின்பதிவேட்டுக்குத் தள்ளியது, மருத்துவர்கள் பெட்டிகளில் டிக் அடிக்கத் தொடங்கினார்கள். குரலை எழுத்தாக்கும் மென்பொருள் மீதியை எடுத்துக்கொண்டது. அதில் முன்னணியில் இருந்த நுவான்ஸ் நிறுவனத்தை 2022இல் மைக்ரோசாஃப்ட் ஏறத்தாழ 1,970 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. சென்னையில் தட்டியவர்கள் எடிட்டர்களானார்கள், அதாவது இயந்திரம் எழுதியதைக் குரலோடு ஒப்பிட்டுத் திருத்துபவர்கள். 2018இல் ஜாமா நெட்வொர்க் ஓபன் இதழில் வந்த ஆய்வு ஒன்று 217 அறிக்கைகளை எடுத்துப் பார்த்தது. இயந்திரம் எழுதியபடியே 100 சொல்லுக்கு 7.4 பிழைகள். டிரான்ஸ்கிரிப்ஷன் பணியாளர் பார்த்த பிறகு 0.4. மருத்துவர் கையெழுத்திட்ட பிறகு 0.3. நடுவில் இருந்தவர் செய்தது எவ்வளவு, கடைசியில் கையெழுத்துப் போட்டவர் செய்தது எவ்வளவு என்று அந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.

இயந்திரம் பொதுவாக அகராதியில் உள்ள சொல்லைத்தான் எழுதும். லைட்ஸ் என்று கேட்டு விளக்கு என்று எழுதினாலும், அது நல்ல ஆங்கிலச் சொல், எழுத்துச் சோதனையில் சிவப்புக்கோடு விழாது. மனிதர் தட்டிய பிழை கண்ணில் குத்தும், இயந்திரத்தின் பிழை சரியான உடை போட்டிருக்கும். புதிதாக வந்திருப்பவை இன்னும் ஒருபடி மேல். மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கூடவே இருந்து கேட்டுத் தானாகவே அறிக்கை எழுதித் தருகின்றன. அவற்றுக்கு டிக்டேஷன் வேண்டாம், பெடல் வேண்டாம். நோயாளி வூஸி, லோகி, காலில் சார்லி ஹார்ஸ் என்று சொன்னதையெல்லாம் மருத்துவ நடையில் மடித்துச் சுருக்கித் தந்துவிடும். எடிட்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூலக் குரல் இருந்தால், வூஸி என்ற இடத்தில் டிசினஸ் வந்திருப்பதைப் பிடித்து மேற்கோள் போட்டுத் திருப்பலாம். குரலைச் சேமிக்காமல் அழித்துவிடும் ஏற்பாடு என்றால் அதுவும் முடியாது. அந்த அறிக்கையில் ப்ளாங்க் விழுந்திருக்காது, ஃப்ளாக்கும் இருக்காது, ஒவ்வொரு சொல்லின் எழுத்தும் அப்பழுக்கின்றி இருக்கும்.